இரட்டைப்படை வசனங்கள்

மூன்றாம் வசனத்தை வாசிக்க வாயெடுத்த ஜினிஷா, யாரோ பேசிக்கொண்டிருக்கும்போது இடையில் புகுந்துவிட்டவளைப் போலக் கூசிப்போய் நிறுத்திக்கொண்டாள்.

யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. முன்னறைப் பாயில் அவளும், அவள் மடியில் தலைவைத்துக் கிடந்த நான்கு வயது மகள் அபிஷாவும் மட்டும்தான். ஐப்பசி மழை அப்போதுதான் அடித்து ஓய்ந்திருந்தது. மாடிக்குழாயிலிருந்து முற்றத்துச் சிமெண்டில் தண்ணீர் விழும் சத்தமும், வீட்டுக்குப் பின்னால் ரப்பர் மரங்கள் காற்றில் நீரை உதறும் சத்தமும், மெயின்ரோட்டில் கருங்கல் ஊருக்குப் போகும் பஸ் கியர் மாற்றி ஏற்றம் ஏறும் முனகலும் தவிர வேறு ஓசையில்லை. ஆனாலும் அவள் கன்னம் சூடேறியது. குறுக்கே பேசிவிட்டதற்கான வெட்கம் அது, சந்தேகமேயில்லை.

சாயங்கால ஜெபம் அந்த வீட்டில் கல்யாணம் கழிந்த நாளிலிருந்தே ஒரே மாதிரிதான். ஒரு பாட்டு, வேதத்தில் ஒரு அதிகாரம், பிறகு ஜெபம், கடைசியில் ஒருவருக்கொருவர் ஸ்தோத்திரம் சொல்வது. அதிகாரத்தை இருவரும் மாற்றி மாற்றி வாசிப்பார்கள். ஒற்றைப்படை வசனம் அவளுக்கு, இரட்டைப்படை அவள் புருஷன் பெனிஷுக்கு. அவள் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவள், சரளமாகப் போய்விடுவாள். அவன் அரபு நாட்டில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டிச் சம்பாதித்து வந்து மார்த்தாண்டத்தில் பெயிண்ட் கடை வைத்தவன். பழைய ராஜாக்களின் பெயர் வந்தால் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுத்து எழுத்தாகத் தாண்டுவான். தடுக்கி விழுந்தால் அவளைப் பார்த்து அசடு வழியச் சிரிப்பான். "ஒனக்கு மட்டும் எப்பளும் லேசான வசனமா வருதே" என்று குறைப்படுவான்.

பங்குனியில் மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு லாரி அவனையும் அவன் பைக்கையும் சேர்த்துச் சுருட்டியது. பின்பக்கம் ரப்பர் மரங்களுக்கு நடுவில் அவன் அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவனை அடக்கினார்கள். சொந்தக்காரர்கள் எல்லாம் கலைந்துபோன முதல் சாயங்காலம், ஜினிஷா ஒன்றாம் வசனத்தை வாசித்துவிட்டு, பழக்கத்தில், நிறுத்தினாள். இரண்டாவதை வாசிக்க ஆளில்லை. அவன் வாசித்து முடிக்கிற நேரம் கழிந்ததும் மூன்றாவதை வாசித்தாள். அன்றிலிருந்து அப்படியேதான். இந்த வீட்டிலிருந்து கர்த்தருக்குப் பாதி அதிகாரம்தான் போய்ச்சேருகிறது என்று சில நாள் நினைத்துக்கொள்வாள். லேசாகச் சிரிப்புகூட வரும்.

அந்த இடைவெளியை அவள் கணக்குப் பார்த்து விடுவதில்லை. உடம்புக்கே அது தெரியும். இன்றும் அதே அளவு விட்டுத்தான் வாயெடுத்தாள். இன்னும் முடியவில்லை என்று எதுவோ தடுத்தது. குனிந்து புத்தகத்தைப் பார்த்தாள். இரண்டாம் வசனம் நான்கு வரிக்கு நீண்டு கிடந்தது, வாயில் நுழையாத பெயர்கள் நிறைய. அவள் அதுவரை அதைப் பார்த்திருக்கவேயில்லை. பார்க்காத வசனம் நீளமானது என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது?

காத்திருந்தாள். குழாயில் தண்ணீர் மெலிந்து சொட்டாயிற்று. பிறகு, அறையில் எதுவும் மாறாமலேயே, முடிந்தது. அது முடிந்ததென்று அவளுக்குத் தெரிந்தது. மூன்றாவதை வாசித்தாள்.

பெனிஷ் இருந்தபோது ஜெபம் முடிந்ததும் ஒரு காரியம் நடக்கும். அவன் குனிந்து, அவள் மடியில் கிடக்கும் அபியின் தொடைகளுக்கு அடியில் கை கொடுப்பான். அந்தக் கை பட்டதும் ஜினிஷாவின் பிடி தானாக நெகிழும். பிள்ளையை இடதுதோளில் சாய்த்துக்கொண்டு, அவள் உறங்கும்வரை வீட்டின் பக்கவாட்டிலிருந்த கிணற்றைச் சுற்றி நடப்பான். சாரத்திலிருந்து விழுந்ததில் வலதுகால் கொஞ்சம் இழுக்கும். தப் என்று ஒரு செருப்பு, சர்ரென்று மறுசெருப்பு. அடுக்களையில் கஞ்சியைக் கிளறிக்கொண்டே ஜினிஷா அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவன் போனபிறகு அபியை உறங்கவைப்பது பெரும்பாடாகிவிட்டது. இன்று என்னவோ, அவள் அடுக்களைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் பிள்ளை கட்டிலில் ஏறிப் படுத்து உறங்கியிருந்தது. தலைமுடி ஈரமாக இருந்தது. மாடியில் எங்கோ ஒழுகுகிறது, ஆள் கூப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் போனில் பிரிஜாவின் குரல்பதிவு வந்தது. தேங்காய்ப்பட்டணத்துப் பிள்ளை, இரண்டாம் வருஷம் பி.ஏ. ஆங்கிலம், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், அந்தக் கடிகாரக் கவிதையில ஒரு டவுட்டு. வில்லு ஒடஞ்ச பொறவும் அவ திருகிட்டே நிக்கா இல்லியா? சினேகம் உண்டெங்கி, ஒடஞ்சத அறியமாட்டாளா மிஸ்? நிறுத்தமாட்டாளா? கைடுல காதல்னு போட்டிருக்கு. எனக்கு வாசிச்சா பயமாட்டு இருக்கு."

விக்டோரியா ராணி காலத்தில், இங்கிலாந்தின் வடக்கே ஏதோ குளிர்ப் பிரதேசத்தில் இருந்த ஒரு பாதிரியார் எழுதிய கவிதை அது. அவர் பெயரைப் பரீட்சைக்கு மறுநாள் எந்தப் பிள்ளையும் நினைவில் வைத்திருக்கப்போவதில்லை. மனைவியை இழந்த ஒருவன் தினமும் மாலையில் மேஜையில் இரண்டு தட்டு வைக்கிறான். ஒரு மாலை, எதிர் நாற்காலி பின்னால் நகர்கிறது. அவள் வந்துவிட்டாள். அவனைப் பார்ப்பதில்லை, பேசுவதில்லை. உயிரோடிருந்தபோது செய்த வேலைகளை அதே வரிசையில் செய்கிறாள். தட்டை எடுக்கிறாள், திரையை இழுக்கிறாள், கடைசியில் சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறாள். முதல் மாலை வழக்கம்போல. அடுத்த மாலை சற்றுக் கூடுதலாக. அதற்கடுத்த மாலை இன்னும் கூடுதலாக. கடைசி வரியில் கடிகாரத்தின் வில் உடைகிறது. அவள் சாவியைத் திருகிக்கொண்டே இருக்கிறாள். அவ்வளவுதான்.

உடைந்த வில் காலத்தின் முடிவு, ஓயாத கை அழியாத காதல் என்று கைடு சொன்னது. ஜினிஷாவும் வருஷாவருஷம் அப்படித்தான் நடத்தினாள். இந்த ஆடியில் நடத்தும்போது குரல் உடைந்தது. "காலம் உடைஞ்சாலும் காதல் ஓயாது" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வகுப்பே கைதட்டியது, யாரோ அதை வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸாகக்கூட வைத்தார்கள். அவளும் அதை முழுசாக நம்பினாள். தினமும் பெனிஷின் வசனங்களுக்கு இடம்விடுவது பைத்தியக்காரத்தனம் இல்லை என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அந்தக் கவிதைதான்.

'கைடில் உள்ளபடி எழுது பிரிஜா, மார்க் விழும்' என்று பதில் தட்டிவிட்டு விளக்கை அணைத்தாள்.

மறுநாள் மாலை ஒன்றாம் வசனத்தை முடித்ததும் வாடை வந்தது. பெனிஷ் கடைக்குப் போகுமுன் விடியற்காலையில் பின்பக்கத்து ரப்பர் மரங்களில் தானே பட்டை சீவிப் பாலெடுத்து, ஆசிட் ஊற்றி உறையவைத்து, ஷீட் அடிப்பான். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்தப் புளிப்பு வாடை அவன் கையிலிருந்து போகாது. அது பாய்க்கு மறுபக்கத்திலிருந்து, அவன் சம்மணம்போட்டு உட்காரும் இடத்திலிருந்து, மெல்ல எழுந்து வந்து அவள் மூக்கைத் தொட்டது. தொடர்ந்து மெல்லிய தாள் புரளும் சத்தம். அவள் கையிலிருந்த புத்தகத்தின் தாள் அசையவில்லை. அவனுடைய புத்தகம் அலமாரியில் இருந்தது.

தொண்டை செருமும் ஓசை ஒன்று கேட்டது.

ஜினிஷாவுக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. கண்ணில் வழிந்த சந்தோஷம். திரும்பிப் பார்த்தால் போய்விடுவானோ என்று புத்தகத்திலேயே கண்ணைப் பதித்துக்கொண்டு, மூன்றாவதை வாசித்தாள், நான்காவதற்குக் காத்திருந்தாள், ஐந்தாவதை வாசித்தாள். வார்த்தைகள் இன்னும் காதில் விழவில்லை. வாய் அசைகிற ஈரச்சத்தம் மட்டும், மூச்சு மட்டும். அது போதும் என்று இருந்தது.

ஜெபம் முடிந்ததும் வேண்டுமென்றே அடுக்களைக்குப் போனாள். விளக்கைப் போடாமல், கஞ்சிப்பானைக்கு முன்னால் அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்கதவுத் தாழ்ப்பாள் நீங்கியது. தப். சர்ர். தப். சர்ர். கிணற்றடியில் செருப்புச் சத்தம் சுற்றிவந்தது. அபி எதையோ முணுமுணுத்துச் சிரித்தாள். பிள்ளை யார் தோளில் இருக்கிறாள் என்று ஜினிஷாவுக்குத் தெரியும், போய்ப் பார்க்கவேண்டிய அவசியமில்லை. எட்டிப்பார்த்து இதைக் கலைத்துவிடக்கூடாது. அபியின் முணுமுணுப்பு நின்றபிறகும் சத்தம் சுற்றிக்கொண்டிருந்தது. கஞ்சி ஆறி ஏடு படிந்தது. உலகத்தில் எந்தப் பெண்ணுக்கு இது கிடைத்திருக்கிறது என்று அவள் நினைத்தாள். நடை வழக்கத்தைவிட நீண்டதை அவள் கவனிக்காமல் இல்லை. அதையும் அன்பின் கணக்கிலேயே எழுதிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை நேசபாய் வந்தாள். பெனிஷின் அண்ணன் மனைவி, எதிர்வீடு. அண்ணன் கத்தாரில். கையில் ஒரு பாத்திரத்தில் மரச்சீனிக் கிழங்கு அவித்துக் கொண்டுவந்திருந்தாள்.

"ஏட்டி ஜினி, நேத்து அந்திக்கு கெணத்தடில பிள்ளைய தோளுல போட்டுட்டு நடந்தியா?"

ஜினிஷா அபியின் உடுப்புப் பொத்தானைப் போட்டுவிடத் தொடங்கினாள்.

"பிள்ளைக்க வெள்ளை உடுப்பு மட்டும் தெரிஞ்சுது," என்றாள் நேசபாய். "அந்தால போவுது, இந்தால வருது. ஒன்னக் காணல்ல. இருட்டுல ஒனக்க சேலை தெரியலண்ணு நெனச்சேன்."

"ஆமாக்கா," என்றாள் ஜினிஷா. "நான்தான்."

நேசபாய் அபியின் தாடையைப் பிடித்துத் தூக்கினாள். பிள்ளையின் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"மொகம் வாடிக் கெடக்கே. நான் கொண்டுபோறேன் மக்கா. எனக்க பிள்ளையளுக்க கூட ரெண்டு நாளு கெடக்கட்டு."

"வேண்டாம்க்கா. எடம் மாறுனா உறங்கமாட்டா."

"நீ இப்பளும் அவனுக்க வசனத்த விட்டு விட்டுத்தான் வாசிக்கியா?"

ஜினிஷா கிழங்குப் பாத்திரத்தை வாங்கி அடுக்களையில் வைத்துவிட்டு வந்தாள்.

"வாசிச்சா முழுசும் நீயே வாசி. இல்லேண்ணா வாசிக்காத. போனவனுக்க எடத்த இப்பிடி காலியாப் போட்டுட்டே இருக்கப்பிடாது, கேட்டியா? வேற என்னவாவது வந்து இருந்துடும்." சொன்னதும் சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவளுக்கே தோன்றியிருக்கவேண்டும். பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு, வடசேரியில் கல்யாணச் சாமான் வாங்கும் வேலை கிடக்கிறதென்று கிளம்பிப் போனாள்.

பத்தரை மணி வெயிலில் அபியைக் குளிக்கவைத்தபோதுதான் ஜினிஷா அதைப் பார்த்தாள். இரண்டு தொடைகளுக்கும் அடியில், குறுக்கே, ஒரு கை அகலத்துக்குச் சிவந்த பட்டை. ஓரங்களில் ஊதாவாகியிருந்தது. தண்ணீர் பட்டதும் பிள்ளை சிணுங்கியது.

"இது என்ன மக்கா?"

"அப்பா எறுக்கிப் பிடிச்சாவ."

"வலிக்குண்ணு அப்பாட்ட சொல்லப்பிடாதா?"

"சொன்னேன்," என்றாள் அபி. சோப்பு நுரையை உள்ளங்கையில் வைத்து ஊதினாள். "நான் உறங்கிட்டேன். பொறவு முழிச்சேன். பொறவும் நடந்தாவ. சொன்னா கேக்கமாட்டுக்காவ."

வாளித் தண்ணீர் வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. பெனிஷ், பிள்ளை ஒரு தும்மல் போட்டால் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பவன். தடுப்பூசி போட்ட அன்று பிள்ளையின் அழுகை பொறுக்காமல் ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடிப்போய் நின்றவன். நடக்கும்போது அபியின் மூச்சு சீரானதும், ஒரு அடிகூட அதிகம் வைக்காமல் திரும்பிவிடுவான். 'உறங்கியாச்சு' என்று உதட்டை மட்டும் அசைத்து ஜினிஷாவுக்குச் சொல்வான்.

மத்தியானம் கைடை மூடிவைத்துவிட்டுக் கவிதையை மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இத்தனை வருஷமாக நடத்திய கவிதை. காதல் என்ற சொல் அதில் எங்கே இருக்கிறது என்று தேடினாள். முதல் பத்தியில் இருந்தது, அவன் தட்டு வைக்கும்போது. நாற்காலி நகர்ந்த வரிக்குப் பிறகு அந்தச் சொல் ஒருதடவைகூட வரவில்லை. முகம் வரவில்லை. கண் வரவில்லை. கை மட்டும்தான், பக்கம் முழுக்க. தட்டெடுக்கிற கை. திரையிழுக்கிற கை. சாவி திருகுகிற கை. சினேகம் உண்டெங்கி அறியமாட்டாளா மிஸ் என்ற பிரிஜாவின் குரல் மறுபடியும் கேட்டது. அவள் உடனே நேசபாய்க்குப் போன் போட்டாள்.

"அக்கா, அபிய இண்ணைக்கு ஒங்க கூட கெடத்துவியளா?"

"நான் வடசேரில நிக்கேன் மக்கா. இஞ்ச ஒரே மழை. என்னட்டி, கொரலு ஒருமாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. சீக்கிரம் வாங்க."

"வந்த ஒடனே வந்து தூக்கிட்டுப் போறேன்."

அவள் வரவில்லை. நான்கு மணிக்கே வானம் இருண்டு, இடி உருண்டு, மழை ஒரே சுவராக இறங்கியது. கரண்ட் போயிற்று. எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்த இடிமின்னலில் எங்கே போவது என்று யோசித்தவள், ஒரு முடிவுக்கு வந்தாள். வாசித்தால்தானே இடைவெளி? இடைவெளி விடாவிட்டால் வந்து உட்கார இடமேது? இன்று இந்த வீட்டில் ஜெபம் இல்லை.

புத்தகத்தை அலமாரியில் அவன் புத்தகத்துக்கு மேலேயே வைத்தாள். பின்கதவுத் தாழ்ப்பாளைப் போட்டு, அதற்கு முன்னால் அரிசிப் பானையை நகர்த்தினாள். மெழுகுவர்த்தி ஏற்றி, முன்னறையில் சுவரில் சாய்ந்து, அபியை மடியில் வைத்து இரண்டு கையாலும் சேர்த்துக்கட்டிக்கொண்டாள்.

"அம்மா, பாட்டு பாடண்டாமா?"

"இண்ணைக்கு வேண்டாம் மக்கா."

மழையின் இரைச்சலில் பஸ் சத்தம்கூடக் கேட்கவில்லை. மெழுகு உருகும் வாடை. ஈரத் துணியின் வாடை. பிள்ளையின் தலையில் தேய்த்த தேங்காயெண்ணெய் வாடை. அவள் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள். வழக்கமான நேரம் வந்தது. கடிகாரத்தைப் பார்க்காமலே தெரிந்தது, ஏனென்றால் அறைக்குள் ஒரு மௌனம் வந்து உட்கார்ந்தது. மழைக்குக் கீழே இன்னொரு மௌனம். அதன் நீளம் அவளுக்குப் பழக்கமானது. ஒரு வசன நீளம். அவளுடைய வசனம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். வாசிக்கவில்லை.

மௌனம் முடிந்தது.

பாய்க்கு மறுபக்கத்தில் தொண்டை செருமியது.

இரண்டாம் வசனம் கேட்டது. பெனிஷின் குரல். ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக. ஒரு ராஜாவின் பெயரில் குரல் தடுக்கியது, அவன் எப்போதும் தடுக்குகிறபடி. பின்னால் வரவேண்டிய சிரிப்புக்காக அவள் தன்னையறியாமல் காத்திருந்தாள். சிரிப்பு வரவில்லை. குரல் அடுத்த வார்த்தைக்குப் போயிற்று.

மறுபடியும் மௌனம். அவளுடைய முறை.

"பெனிஷ்," என்றாள். "நான்தான். எனக்கத் தங்கமில்லியா, கேளு. பிள்ளைக்குத் தொடையெல்லாம் கன்னிப் போச்சு. அவளுக்கு வலிக்குது. போதும், மதி. இனி நீ வரண்டா—"

குரல் அவள் சொல்லின் நடுவில் புகுந்து நான்காம் வசனத்தைத் தொடங்கியது.

அவளுக்குப் புரிந்தது. அவள் வாசிப்பதற்காக அது காத்திருக்கவில்லை. இடம் விடுகிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் அவள் வாசிக்கலாம், அழலாம், செத்துக் கிடக்கலாம். அதற்கு எல்லாம் ஒன்றுதான். பாதிரியார் எழுதியது காதல் கவிதையில்லை. தட்டு வைக்காதே என்று எழுதியிருந்தார். அன்பு அவன் கூடவே கல்லறைச் சிமெண்டுக்குக் கீழே போய்விட்டது. அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டு வரவைத்தது மிச்சத்தை. பழக்கத்தை. அதற்குப் போகத் தெரியும், வரத் தெரியும். நிறுத்தத் தெரியாது.

அவள் உரக்கப் பாடினாள். வாயில் வந்த பாட்டையெல்லாம் பாடினாள். குரல் உயரவில்லை, தாழவில்லை. ஆறாம் வசனம். எட்டாம் வசனம். மெழுகுவர்த்தி அசையாமல் எரிந்தது. அபி காதைப் பொத்திக்கொண்டு, பிறகு கையை எடுத்துவிட்டு, பாதி உறக்கத்தில் கேட்டுக்கொண்டு கிடந்தாள். ஜினிஷாவின் தொண்டை கட்டியது.

அதிகாரம் முடிந்தது.

"ஸ்தோத்திரம்," என்றது குரல்.

"ஸ்தோத்திரம் அப்பா," என்றாள் அபி. கண்ணை மூடிக்கொண்டே. தினமும் சொல்கிறபடி.

புளிப்பு வாடை அருகில் வந்தது. மிக அருகில். ஜினிஷா பிள்ளையை இறுக்கினாள். விடமாட்டேன். விடமாட்டேன். கை வலித்தது. இன்னும் இறுக்கினாள். யாரோ குனிகிற காற்று அவள் நெற்றி மயிரை அசைத்தது. பிள்ளையின் தொடைகளுக்கு அடியில், அவள் மடிக்கும் பிள்ளைக்கும் நடுவில், குளிர்ந்த கை ஒன்று நுழைந்தது.

அவளுடைய பிடி நெகிழ்ந்தது.

அவள் நெகிழ்த்தவில்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் கைகள் தாமாகவே விட்டன. மடி லேசாயிற்று.

அரிசிப் பானை உருண்டது. தாழ்ப்பாள்.

அவள் எழுந்தாள். விழுந்தாள். எழுந்து ஓடினாள்.

வெளியே மழை. மின்னல் ஒன்று வெட்டியது. கிணறு. கிணற்றுக்கு அப்பால் வெள்ளை உடுப்பு. ஒரு ஆளின் தோள் உயரத்தில். அபியின் கன்னம் ஒன்றுமில்லாததன்மேல் அழுந்திச் சப்பியிருந்தது. அவளுடைய இரண்டு கைகளும், இல்லாத ஒரு கழுத்தைச் சுற்றியிருந்தன. கீழே செம்மண் சேற்றில் ஒரு தடம் ஆழமாக விழுந்தது. அடுத்தது இழுபட்டது. தப். சர்ர்.

ஜினிஷா அந்தத் தோள் இருக்கவேண்டிய இடத்தில் பாய்ந்தாள். மழைதான். பிள்ளையின் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. சுவரில் அடித்த ஆணியைப் போல அசையவில்லை. இழுக்க இழுக்க அபி வலியில் கத்தினாள். இழுப்பதை விட்டாள். சத்தம் நகர்ந்தது. அவளும் கூடவே நகர்ந்தாள்.

"அப்பா, மதி," என்றாள் அபி. "எறக்கி விடு."

தப். சர்ர்.

"அப்பா, உறங்கிட்டேன். நான் உறங்கிட்டேன்ப்பா."

தப். சர்ர்.

ஜினிஷாவுக்கு எட்டியது பிள்ளையின் ஒரு கால் மட்டும். அதைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கத்தினாள். கெஞ்சினாள். அவன் பெயரைச் சொல்லித் திட்டினாள். கிணற்றை ஒரு சுற்று. மறுபடி. மறுபடி. சேற்றில் ஒரு வட்டம் பள்ளமாகத் தெரிய ஆரம்பித்தது, அதில் தண்ணீர் நின்றது. கையிலிருந்த கால் முதலில் உதைத்தது. பிறகு துள்ளியது. பிறகு தொங்கியது.

"அபி. மக்கா. உறங்கிட்டியா?"

முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. எக்கினாள், எட்டவில்லை. பெனிஷ் அவளைவிட நல்ல உயரம்.

வாசல் கேட் கிரீச்சிட்டது. குடையோடு நேசபாய் ஓடிவந்தாள். அவள் கையிலிருந்த டார்ச் வெளிச்சம் முற்றத்தைத் துழாவி, கிணற்றுச் சுவரில் ஏறி, வெள்ளை உடுப்பில் வந்து நின்றது. குடை கீழே விழுந்தது. டார்ச்சை அவள் விடவில்லை. அந்த வெளிச்சத்தில் மழைத்துளிகள், ஒரு ஆளின் தலையும் தோளும் அளவுக்கு, வளைந்து வழிந்து இறங்கின.

ஜினிஷாவின் கைக்குள் அந்தச் சின்னப் பாதம் குளிர்ந்துகொண்டே வந்தது. தொடைக்கு அடியில் இறுக்கம் இன்னும் கூடியது. உள்ளே ஏதோ மெல்ல, ஒரு ஈர்க்குச்சி ஒடிவதுபோல், முறிந்தது.

தப். சர்ர். தப். சர்ர்.